புத்தகக் கடைக்காரன் வீட்டுப் பாடநூல்

ஜனவரி பிறந்தால் எங்கள் கடையில் மூச்சு விட நேரம் இருக்காது. கொரோனாவுக்குப் பிறகு சில வருடங்கள் பாடசாலை ஆண்டு மார்ச்சுக்கும் பெப்ரவரிக்கும் தள்ளிப் போனது. அந்த வருடங்களில் எங்கள் ஜனவரியும் கூடவே தள்ளிப் போனது. கொழும்பு, புறக்கோட்டை மலிபன் வீதியில் கொப்பி, பேனை, பயிற்சி நூல் விற்கும் கடையில் இருபத்திரண்டு வருடங்களாக வேலை செய்கிறேன். முதலாளி நான் அல்ல. ஆனாலும் எந்த இறாக்கையில் எந்தப் பாடத்தின் வழிகாட்டி இருக்கிறது என்று கேட்டால், மின்சாரம் நின்ற நேரத்திலும் கையை விட்டு எடுத்துத் தந்துவிடுவேன்.

பெற்றோர் பாடசாலை கொடுத்த பட்டியலைக் கொண்டுவருவார்கள். அது முடிந்ததும், பட்டியலில் இல்லாததையும் கேட்பார்கள். "பத்தாம் தரத்துக்கு விஞ்ஞானத்தில் நல்லதாக ஒன்று தாருங்கள் அண்ணா." நல்லதாக ஒன்று! சேலைக் கடையிலும் இதே குரலில்தான் கேட்பார்கள். நான் மூன்றை எடுத்து வைப்பேன். மூன்றையும் வாங்கிப் போவார்கள். விற்பது என் வேலை, அதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் என் மகள் பத்தாம் தரத்துக்கு வந்தபோது வீட்டிலும் அதே வேலையைச் செய்தேன். அங்கேதான் சறுக்கினேன்.

அரசாங்கம் தரும் பாடநூல்கள் அவளுக்கும் கிடைத்திருந்தன. 1980இல் தொடங்கிய இலவசப் பாடநூல் திட்டத்தில் படித்து வந்தவன் நான். மலையகத்தில் எங்கள் தோட்டப் பாடசாலையில் புத்தகம் கொடுக்கும் நாள் ஒரு திருவிழா. வீட்டுக்கு வந்ததும் அம்மா பழைய பத்திரிகையில் உறை போட்டுத் தருவார். அப்படிப்பட்டவன், கொழும்புக்கு வந்து புத்தகக் கடையில் நின்ற பிறகு, இலவசமாகக் கிடைப்பது குறைந்தது என்று எப்போது நினைக்கத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. கணிதம், விஞ்ஞானம் எல்லாம் இரண்டு மூன்று பகுதிகளாக வந்திருந்தன. மகள் அவற்றை உறை போட்டு, பெயர் எழுதி, சாமிப் படத்துக்குக் கீழே இருந்த அலுமாரியில் அடுக்கி வைத்தாள். நான் கடையிலிருந்து நான்கு வழிகாட்டிகளைக் கழிவு விலையில் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். மேசையில் இருப்பதைத்தானே பிள்ளை படிக்கும்?

அந்த நேரம் பார்த்து, திருச்சியில் குடியேறிய மாமா ஒருவர் கதிர்காமம் போக வந்தார். பிள்ளைக்குப் பரிசாகத் தமிழ்நாட்டு ஒன்பதாம் வகுப்பு அறிவியல் பாடநூலைக் கொண்டுவந்திருந்தார். நல்ல புத்தகம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்ணப் படங்கள், தெளிவான விளக்கம். மகளுக்கு அது மிகவும் பிடித்துவிட்டது. இரவில் கதைப் புத்தகம் போலப் படித்தாள். எனக்கோ பெருமை, கடைக்கு வந்தவர்களிடமும் சொல்லிக்கொண்டேன்.

இரண்டாம் தவணைப் பரீட்சை முடிந்து விஞ்ஞான வினாத்தாளைக் கொண்டுவந்தாள். அதில் ஒரு சிறு கேள்வி: 5 கிலோகிராம் திணிவுடைய பொருளொன்றின் நிறை யாது? மகள் எழுதியிருந்தது: 5 கிலோகிராம். மேலே சிவப்புக் கோடு. அதைத் தொடர்ந்த இரண்டு பகுதிகளும் அந்த விடையை வைத்துத்தான் செய்ய வேண்டியவை, அவையும் போயின. அவள் அழவில்லை, கோபப்பட்டாள். "புத்தகத்தில் இப்படித்தான் இருக்கிறது அப்பா, கொண்டுவந்து காட்டட்டுமா?"

காட்டினாள். மாமா தந்த நூலில் இருந்தது: ஒரு பொருளில் அடங்கியுள்ள பருப்பொருளின் அளவுதான் நிறை, அதன் அலகு கிலோகிராம். அலுமாரியில் இருந்த எங்கள் பாடநூலை எடுத்து அருகே வைத்தோம். பொருளின் அளவைக் குறிக்கும் சொல் அங்கே திணிவு. அந்தத் திணிவைப் புவி இழுக்கும் விசைதான் நிறை, அலகு நியூற்றன். புவியீர்ப்பு ஆர்முடுகலைப் 10 என்று எடுத்துக்கொண்டால் 5 கிலோகிராம் திணிவின் நிறை 50 நியூற்றன். அங்கே அவர்கள் எடை என்று சொல்வதை நாம் நிறை என்கிறோம். அவர்கள் நிறை என்பதை நாம் திணிவு என்கிறோம். இரண்டு புத்தகமும் சரி. இரண்டும் தமிழ். ஒரே சொல் பாக்கு நீரிணையைக் கடக்கும்போது வேறு பொருளைச் சுமந்துகொண்டு வருகிறது, அவ்வளவுதான்.

சமையலறைக்குப் போய்ப் பால்மாப் பைக்கற்றைக் கொண்டுவந்தாள் மகள். 'தேறிய நிறை 400 கிராம்' என்று அச்சிட்டிருந்தது. "இதை எழுதியவருக்கும் புள்ளி குறைக்க வேண்டும்" என்றாள். சரிதானே! கடைத் தராசும் வீட்டுப் பேச்சும் நிறையைக் கிலோவில்தான் சொல்கின்றன. பாடநூல் மட்டுமே பிடிவாதமாக வேறு சொல்கிறது. புள்ளி கிடைப்பதும் அந்தப் பிடிவாதத்துக்குத்தான்.

அடுத்த நாள் அவளுடைய ஆசிரியையைச் சந்தித்தேன். சண்டை பிடிக்கப் போகவில்லை, விளக்கம் கேட்கத்தான் போனேன். அவர் சிரித்தார். "திருத்துபவருக்கு உங்கள் வீட்டில் எந்தப் புத்தகம் இருக்கிறது என்று தெரியாது, அப்பா. அவர் கையில் இருப்பது புள்ளித் திட்டம் மட்டும்தான்." அதோடு இன்னொன்றும் சொன்னார். இப்போது பிள்ளைகள் யூடியூபில் தமிழ்நாட்டுப் பாட விளக்கங்களைப் பார்த்துவிட்டு வந்து, அந்தச் சொற்களையே விடைத்தாளிலும் எழுதுகிறார்களாம். ஒட்சிசனை ஆக்சிஜன் என்று எழுதினால் யாருக்கும் புரியும், அதனால் ஆபத்து குறைவு. ஒரே சொல் இரண்டு பொருளில் வரும் இடம்தான் பிள்ளையைக் கவிழ்க்கிறது என்றார்.

அன்றிரவு மகளும் நானும் பாடநூலின் பின்னட்டை உட்புறத்தில் பென்சிலால் ஒரு பட்டியல் போட்டோம். இடப்பக்கம் நம்முடையது, வலப்பக்கம் அவர்களுடையது. திணிவு, நிறை. நிறை, எடை. கதி, வேகம். வேகம், திசைவேகம். ஆர்முடுகல், முடுக்கம். அமுக்கம், அழுத்தம். கலம், செல். ஒளித்தொகுப்பு, ஒளிச்சேர்க்கை. நொதியம், நொதி. கணிதத்தில் முக்கோணி, முக்கோணம்; நாற்பக்கல், நாற்கரம். இவற்றில் நிறை, வேகம் இரண்டுக்கும் மட்டும் சுற்றி வட்டம் போட்டாள். இரண்டு பக்கமும் வரும் சொற்கள் அவை இரண்டும்தான். நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்கிறார்கள். நாம் வேகம் என்பது திசையையும் சேர்த்தது. வட்டம் போடும் யோசனை அவளுடையது; எனக்கு அது தோன்றவில்லை.

இந்தச் சொற்கள் ஏன் இப்படிப் பிரிந்தன என்று கடைக்கு வழக்கமாக வரும் ஓய்வுபெற்ற அதிபர் ஒருவரிடம் கேட்டேன். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கத் தொடங்கிய காலத்தில், 1950களிலும் 60களிலும், அரசகரும மொழித் திணைக்களம் பாடம் பாடமாகக் கலைச்சொற்றொகுதிகளை வெளியிட்டது. பாடநூல் எழுதியவர்கள் அவற்றைக் கையாண்டார்கள். அக்கரையில் அவர்கள் தனியாக ஆக்கிக்கொண்டார்கள். "ஆர்முடுகல் என்ற சொல்லை நான் முதலில் கேட்டபோது ஏதோ பலகாரம் என்று நினைத்தேன்" என்றார் அதிபர். எனக்கு அந்தச் சொல்லின் மேல் இப்போது ஒரு பாசம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு மேசையில் இருந்தவையும் அலுமாரியில் இருந்தவையும் இடம் மாறின. மகள் முதலில் பாடநூலின் அலகைப் படிப்பாள், அதிலுள்ள செயற்பாடுகளையும் பயிற்சியையும் செய்வாள். வழிகாட்டி அதன் பிறகுதான். பாடநூலில் பெட்டிக்குள் போட்டிருக்கும் சிறு செயற்பாடுகளைப் பிள்ளைகள் தாண்டிப் போவார்கள். நானும் அப்படித்தான் படித்தேன். ஆனால் கட்டமைப்பு வினாக்களைப் பார்த்தால், அந்தப் பெட்டிக்குள் இருந்த முகவையும் வெப்பமானியும் அப்படியே வந்து உட்கார்ந்திருக்கும். எந்த வழிகாட்டியும் அந்தப் பெட்டிகளை முழுதாகத் தருவதில்லை. அங்கே சுருக்கம்தான் இருக்கும். சுருக்கம் என்பது ஏற்கெனவே படித்தவனுக்கு நினைவூட்டுவது. படிக்காதவன் அதைத் தின்றால் பசி அடங்காது.

வழிகாட்டி வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சொன்னால் முதலாளி என்னை வீட்டுக்கு அனுப்பிவிடுவார். வாங்கும் முன் கடையிலேயே நின்று ஒன்று செய்யுங்கள். பிள்ளை ஏற்கெனவே சரியாகச் செய்து ஆசிரியரிடம் புள்ளி வாங்கிய இரண்டு மூன்று கணக்குகளை மனதில் வைத்துக்கொண்டு வாருங்கள். அந்தக் கணக்குகள் போன்றவை நூலில் எங்கே இருக்கின்றன என்று தேடி, விடையை மட்டும் பார்க்காமல் படிமுறையையும் பாருங்கள். கடைசி வரி மட்டும் இருந்தால் வைத்துவிட்டுப் போங்கள். பல நூல்கள் சிங்களத்தில் எழுதப்பட்டு அவசரத்தில் தமிழாக்கப்பட்டவை. ஒருமுறை ஒரு பல்தேர்வு நூலில் கேள்வி நாற்பது, விடை அட்டவணையில் முப்பத்தொன்பது. ஓரிடத்தில் ஒரு விடை விழுந்துபோய், அதற்குப் பின் எல்லாமே ஓரிடம் தள்ளி நின்றன. ஒரு தாய் மூன்று வாரத்துக்குப் பிறகு கொண்டுவந்து காட்டினார். பிள்ளை தான் மக்கு என்று நினைத்து அழுததாம். அந்தக் கட்டை முழுதாகத் திருப்பி அனுப்பினோம்; ஆனால் அதற்கு முன் விற்றவை எந்த வீடுகளில் இருந்தன என்று யார் கண்டது? அன்றிலிருந்து விடை அட்டவணையை எண்ணிப் பார்க்காமல் பல்தேர்வு நூல் எதையும் நான் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை.

பதிப்பாண்டு இன்னொரு பொறி. மருதானைப் பக்கம், டி. ஆர். விஜயவர்தன மாவத்தை ஓரமாக வரிசையாக இருக்கும் பழைய புத்தகக் கடைகளை நான் மிகவும் நேசிக்கிறேன். என் சம்பளத்தில் ஒரு பகுதி அங்கேதான் போகிறது. ஆனால் பாடநூலை அங்கே வாங்கும்போது அட்டையைப் பார்த்து வாங்கக் கூடாது. தரம் 6க்கும் 10க்கும் 2015இலும், 7க்கும் 11க்கும் 2016இலும் புதிய பாடத்திட்டம் வந்தது. அதற்கு முந்திய நூல்கள் இன்னும் அந்தக் கடைகளில் சுற்றுகின்றன. முன்பக்கங்களில் முதலாம் பதிப்பு, இரண்டாம் பதிப்பு என்று ஆண்டுகள் வரிசையாக இருக்கும். கையில் எடுத்ததும் அந்தப் பக்கத்துக்குத்தான் நான் போவேன். அந்தப் பக்கம் கிழிந்திருந்தால் பேரம் பேசுவதே இல்லை. தொலைந்துபோன ஒரு பகுதிக்காக அலைய வேண்டியதும் இல்லை: கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்திலும், கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்திலும் பாடநூல்களை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வேண்டிய அலகை மட்டும் போட்டோக் கொப்பி எடுத்தால் போதும்.

உயர்தரம் வேறு உலகம். சாதாரண தரத்தோடு இலவசப் பாடநூல் முடிந்துவிடும். பன்னிரண்டாம் தரத்தில் பிள்ளை வெறுங்கையோடு நிற்கும். அந்தக் கையில் டியூசன் ஆசிரியர் தன் அச்சிட்ட தாள்களைத் திணிப்பார். ஹட்டனிலிருந்து என் தம்பி மகன் எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் தங்கி கணிதப் பிரிவில் படித்தான். ஒரு வருடத்தில் அவனுடைய கட்டிலுக்குக் கீழே மூன்று கடதாசிப் பெட்டிகள் நிறைந்தன. இணைந்த கணிதத்துக்கு மட்டும் இரண்டு ஆசிரியர்களின் தாள்கள். "பத்திரிகை முகவர்கூட இவ்வளவு கடதாசி பார்த்திருக்க மாட்டார் பெரியப்பா" என்று சிரித்தான்.

அந்தப் பெட்டிகளில் எது எதற்கு என்று அவனுக்கே தெரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் தரையில் உட்கார்ந்து பிரித்தோம். எனக்குப் பௌதிகவியல் தெரியாது, ஆனால் கடதாசி பிரிக்கத் தெரியும். மகரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் வெளியிடும் பாடத்திட்டத்தையும் ஆசிரியர் வழிகாட்டியையும் இறக்கி, அதன் அலகுத் தலைப்புகளை ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் எழுதினோம். எந்த அலகிலும் சேராத தாள்கள் தனியாக விழுந்தன. ஒரு பெட்டி நிறைய. அவற்றில் பெரும்பாலானவை பழைய பாடத்திட்டத்தின் வினாத்தாள்கள். உயர்தரத்துக்குப் புதிய பாடத்திட்டம் 2017இல் தொடங்கி, முதற் பரீட்சை 2019இல் நடந்தது. அந்த வருடம் பழையது, புதியது என்று இரண்டு வினாத்தாள்கள். அவன் இரண்டையும் செய்துகொண்டிருந்தான். பழைய வினாத்தாள் செய்வது பாவமில்லை, பயிற்சிதான். ஆனால் நேரம் இல்லாத பிள்ளை எதை முதலில் செய்ய வேண்டும் என்பது தெரிய வேண்டும்.

அவனுக்கு மிகவும் உதவியது, நான் சற்றும் எதிர்பாராத ஒரு வெளியீடு. பரீட்சைத் திணைக்களம் முந்தைய பரீட்சைகளுக்கான மதிப்பீட்டு அறிக்கைகளை வெளியிடுகிறது. ஒரு கிழமை நாளில் விடுமுறை போட்டு, கொள்ளுப்பிட்டியில் 177 பஸ் ஏறி, பத்தரமுல்லையில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கர வண்டியில் பெலவத்தைக்குப் போய் வாங்கிவந்தேன். ஒவ்வொரு வினாவுக்கும் எதிர்பார்த்த விடை, புள்ளி எப்படிப் பிரிகிறது, எந்த வினாவில் எத்தனை வீதமானோர் தவறினார்கள், ஏன் தவறினார்கள் என்பதெல்லாம் அதில் இருந்தது. அலகு எழுதாமல் புள்ளி இழந்தவர்கள், வரைபின் அச்சுகளைப் பெயரிடாதவர்கள்... படித்துக்கொண்டே போன தம்பி மகன் இடையில் நிறுத்தி, "பெரியப்பா, இதில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்" என்றான். கடையில் இருபத்திரண்டு வருடம் நின்றும் இப்படி ஒன்று இருப்பதை நான் கவனித்ததில்லை. எங்கள் இறாக்கையில் அது இருந்ததில்லை, அதுதான் காரணம். விற்பனைக்கு வராத புத்தகம் விற்பனையாளன் கண்ணில் படாது.

2022ஐப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக முடியாது. அந்த மார்ச்சில் கடதாசியும் மையும் இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகளையே பிற்போட்டார்கள். எங்கள் கடையில் கொப்பியின் விலை இரு மடங்கைத் தாண்டியது. ஒரு டசின் கேட்டு வந்தவர்கள் நான்கோடு திரும்பினார்கள். அடுத்த வருடப் பாடநூல்களில் ஒரு பகுதியை அச்சிட இந்தியக் கடனுதவியில் கடதாசி வாங்க வேண்டி வந்தது. அந்த வருடம்தான் எங்கள் மாடிக் குடியிருப்பில் பிள்ளைகள் ஒருவர் படித்த நூலை அடுத்தவருக்குக் கொடுக்கும் பழக்கம் திரும்ப வந்தது. பேனையால் எழுதாதே, பென்சிலால் எழுது என்று பிள்ளைகளைக் கண்டிக்கத் தொடங்கினோம். நான் உறை போடுவதில் கெட்டிக்காரன். முதுகுப் பக்கம் ஒரு துண்டு துணி நாடா ஒட்டிவிட்டுப் பழுப்பு உறை போட்டால் புத்தகம் இரண்டு வருடம் தாங்கும். பிளாஸ்டிக் உறை வேண்டாம். கொழும்பின் புழுக்கத்தில் அட்டை வியர்த்து ஒட்டிக்கொள்ளும். விற்பவன் சொல்கிறேன்.

சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் மகள் தன் விஞ்ஞான நூலை மூன்றாம் மாடிப் பையனுக்குக் கொடுத்தாள். கொடுக்கும் முன் ஓரங்களில் இருந்த பென்சில் எழுத்துகளை றப்பரால் அழித்தாள். பின்னட்டைப் பட்டியலை மட்டும் அழிக்கவில்லை.

பெறுபேறு வந்த அன்று திருச்சி மாமா தொலைபேசியில் வந்தார். விஞ்ஞானத்தில் ஏ என்று சொன்னதும் அவருக்கு ஒரே சந்தோஷம். "நான் கொடுத்த புத்தகம் பிள்ளைக்கு உதவியதா?" என்று கேட்டார்.

"உதவியது மாமா, நிறையவே" என்றேன்.

பக்கத்தில் நின்ற மகள் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்: "எத்தனை நியூற்றன், அப்பா?"